ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும்

கண்டக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்பது அவருடைய உடம்புக்கு மட்டும் இன்னும் தெரியாது. விடியற்காலையில் முதல் டிரிப்புக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்ததும் கண் தானாகத் திறந்துகொள்ளும். கை தானாகத் தலையணைக்குப் பக்கத்தில் தோல்பையைத் தேடும். பை இல்லை என்று தெரிந்ததும், "அட, ரிட்டயர் ஆயிட்டோமே" என்று தனக்குத்தானே செய்தி சொல்லிக்கொண்டு எழுந்துவிடுவார். எழுந்தவர் சும்மா இருப்பாரா? பாத்திரம் தேய்ப்பார். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பார். ஜன்னலைப் படாரென்று திறப்பார். பக்கத்து அறையில் மகளும் மருமகனும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள்.

மருமகன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். சாது. இந்த உலகத்தில் அவர் ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரே சொத்து தூக்கம்தான். அதற்கும் வேட்டு வந்ததும் ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"அத்தை, தூக்கம் வரலைன்னா வெளிய கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்களேன். உடம்புக்கு நல்லது."

யார் உடம்புக்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சில் தெருவின் தலையெழுத்தே மாறிப்போனது. தன் தலையெழுத்தும் கூடவே மாறியதை நினைத்து அவர் பின்னால் பலமுறை நொந்துகொண்டதுண்டு.

நடக்கப் போன முதல் நாளே கண்டக்டரம்மா பார்த்துவிட்டார். மூடிய கடைகளின் வாசல்தோறும் ஆட்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு ஒருவர், சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒருவர், பஸ் நிழற்குடையின் சிமெண்டு பெஞ்சில் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு பெண். இவர்கள் அவருக்குப் புதியவர்கள் அல்ல. வேலையில் இருந்த காலமெல்லாம் முதல் டிரிப்பில் முதலில் ஏறுகிறவர்கள் இவர்கள்தான். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுப்பார்கள், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள், கடைசி நிறுத்தம் வந்ததும் திரும்பி வர இன்னொரு டிக்கெட் எடுப்பார்கள். போக வேண்டிய இடம் ஒன்றும் கிடையாது. ஆடாத கூரை கிடைக்காதவர்களுக்கு ஆடுகிற கூரையாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கண்டக்டரம்மா அவர்களை எழுப்பவே மாட்டார். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் மட்டும் தோளைத் தட்டி, "டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு மறுபடியும் தூங்கு" என்பார்.

இரும்புக்கடை வாசலில் சாம்பல் நிறக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த பெரியவரைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். அதே கம்பளி.

"அண்ணே! என்ன, இங்க இறங்கிட்டீங்க?"

பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நீங்க போயிட்டீங்களேம்மா. இப்ப வர்ற கண்டக்டர் நம்மளத் தூங்க விடமாட்டேங்கிறான். 'எங்க இறங்கணும், எங்க இறங்கணும்'னு உசுர வாங்குறான்."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், புகழ்ந்து பேசினார்கள், அவரும் மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்தார். தான் இறங்கிவிட்டதால் ஒரு மனிதரின் தூக்கமும் சேர்ந்து இறங்கிவிட்டது என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி, தேய்த்த பாத்திரத்தை மூன்றாவது முறையாகத் தேய்த்தார்.

மறுநாள் ஃபிளாஸ்க்கோடு போனார். அதற்கு மறுநாள் டீக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனார். சலூன்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நாற்காலி போட்டு முடிவெட்டினார். மருந்துக்கடைக்காரம்மா ஆறாத புண்களுக்குக் கட்டுப் போட வந்தார். யாரையும் கண்டக்டரம்மா கெஞ்சவில்லை. நெரிசலான பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு" என்று தள்ளிப் பழகிய குரல் அது. அந்தக் குரலுக்கு மனிதர்கள் நகர்ந்துதான் கொடுப்பார்கள்.

அவருக்கு வசப்படாமல் நின்ற ஒரே ஆள் நிழற்குடையில் இருந்த பெண்தான். பஸ் நிலையத்தில் சீப்பு, ஊக்கு, ரிப்பன் விற்கிறவள். சீப்புக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். கண்டக்டரம்மா முதன்முதலில் டீயை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"முதல்லயே சொல்லிடுங்க. டீயைக் குடுத்துட்டு போட்டோ எடுப்பீங்களா?"

"நான் எதுக்கும்மா போட்டோ எடுக்கப் போறேன்?"

"போன வாரம் ஒரு கூட்டம் வந்துச்சு. ஒரு பன்னைக் குடுத்துட்டு எட்டுப் பேரு நின்னு சிரிச்சாங்க. நானும் சிரிக்கணுமாம். எடுக்கறதா இருந்தா சொல்லிடுங்க, தலை வாரிக்கிறேன். சீப்பு விக்கிறவ பரட்டைத் தலையோட நின்னா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனம் இனத்தை அறியும். வாயாடிக்கு வாயாடியைத் தெரியாதா? அன்றிலிருந்து இருவரும் விடிந்தால் ஒரு சண்டை, டீ ஆறுவதற்குள் ஒரு சமாதானம் என்று நெருங்கிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதையும் வெளியே வந்தது. புருஷன் போன பிறகு அவள் கொழுந்தன் வீட்டில் ஒரு மூலையில் இருந்திருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் சீப்பு விற்றுவிட்டுத் திரும்பினால் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. மூட்டை வாசலில் இருந்தது.

"அழுதியா?"

"அழலாம்னுதான் நினைச்சேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா. அவளுக்கு எதுக்கு ஓசியில வேடிக்கைன்னு மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் டீயை ஊதினாள். "கூரைகூட இல்லாம இருந்துடலாம் கண்டக்டரம்மா. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற கதவு ஒண்ணு வேணும். தாழ்ப்பாளைப் போட்டுட்டு, வெளியில எவன் நடந்தா எனக்கென்னன்னு, காலை நீட்டி ஒரு தூக்கம் தூங்கணும். இங்க கண்ணுதான் மூடுது. காது மூட மாட்டேங்குது."

அதைக் கேட்ட பிறகு கண்டக்டரம்மாவுக்கு இரவில் தன் வீட்டுத் தாழ்ப்பாளைப் போடும்போதெல்லாம் மனசு உறுத்தியது. எப்படியாவது இவளுக்கு ஒரு கதவு பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. ஒரு வீட்டில் சைக்கிள், ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார், இன்னொரு வீட்டில் கொடியில் காய்ந்த போர்வை. எல்லாம் இரவுக் காவலாளி வேலை முடித்துக் கிளம்பிய பிறகு, பால் வண்டி வருவதற்கு முன்னால், அந்தக் கொஞ்ச நேரத்தில். தெருக்காரர்கள் இரும்புக்கடை மாடியில் கூட்டம் போட்டார்கள். இரும்புக்கடைக்காரர்தான் தலைமை. ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் ஆணியும் பூட்டுமாக விற்று விற்று, உலகத்தில் பாதிப்பேர் திருடர்கள், மீதிப்பேர் பூட்டு வாங்காதவர்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"கடை வாசல்ல படுக்கிறவங்களை முதல்ல அப்புறப்படுத்துங்க. எல்லாம் தானா அடங்கும்" என்றார் அவர்.

கண்டக்டரம்மா எழுந்தார். "தம்பி, ராத்திரி முழுக்க இந்தத் தெருவுல கண்ணும் காதுமா கிடக்கிறது யாரு? நீங்களா, நானா? நாம கதவைச் சாத்திக்கிட்டுக் குறட்டை விடுறோம். அவங்க வாசல்ல கிடக்குறாங்க. காவல் வேணும்னா அவங்களைத் துரத்தக் கூடாது, கூடச் சேர்த்துக்கணும்."

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்றீங்களாக்கா?"

"பூனை யாருன்னு பார்த்தீங்களா? போன வாரம் உங்க ஷட்டரைப் பூட்டாம வீட்டுக்குப் போயிட்டீங்களே, யாரு வந்து கதவைத் தட்டிச் சொன்னது?"

கம்பளிப் பெரியவர்தான். இரும்புக்கடைக்காரர் தண்ணீர் குடித்தார். வாதம் நீண்டது, டீ இரண்டு சுற்று வந்தது, கடைசியில் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. கடைக்குப் பின்னால் இரும்புக்கடைக்காரருக்கு ஒரு பழைய கிடங்கு உண்டு. ஒட்டினாற்போலக் குளியலறையும் இருந்தது. வீட்டுக்காரர்களும் வாசலில் படுப்பவர்களும் சேர்ந்து விடியற்காலைக் காவல் பார்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும்வரை தெருவில் ஓர் ஆணிகூடக் காணாமல் போகாவிட்டால் கிடங்கைத் தங்குவதற்குக் கொடுத்துவிடுவார். ஏதாவது காணாமல் போனால், அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யாரும் படுக்கக் கூடாது.

"சரி" என்று கண்டக்டரம்மா மேசையைத் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் யோசித்தார். சீப்புக்காரியின் கதவு மட்டுமல்ல, பெஞ்சும் சேர்ந்தல்லவா பணயத்தில் இருக்கிறது!

எல்லோருக்கும் விசில் வாங்கப்பட்டது. விசில் என்று வந்தபின் கண்டக்டரம்மாவை யார் பிடிப்பது?

"நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு நீள விசில் அடிச்சா ஆபத்து, எல்லாரும் ஓடி வரணும். ரெண்டு சின்ன விசில் அடிச்சா எல்லாம் நல்லாயிருக்கு, அவங்கவங்க வேலையைப் பார்க்கலாம். பஸ்ஸுல ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட விசிலைத் தப்பா அடிச்சது கிடையாது. நீங்களும் அடிக்கக் கூடாது."

பயிற்சி நடந்தது. மருமகன் ஊதினால் காற்று மட்டும் வந்தது. டீக்கடைக்காரர் ஊதினால் எச்சில் மட்டும் வந்தது. சீப்புக்காரி ஒருமுறைதான் ஊதினாள். மூன்றாவது மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள், ஓடிக்கொண்டிருந்த நாய் உட்கார்ந்துவிட்டது. கண்டக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை. "பரவாயில்லை, இன்னும் வயித்துலேர்ந்து மூச்சு வரணும்" என்று சொல்லி வைத்தார்.

"வயித்துல ஏதாவது இருந்தாத்தானே வரும்?" என்றாள் சீப்புக்காரி. கண்டக்டரம்மா உடனே பன் வாங்கி வரப் போய்விட்டார்.

முறை போட்டுக் காவல் ஆரம்பித்தது. விடிகிற நேரத்தில் ஒரு சுற்று முடிந்ததும் கண்டக்டரம்மா தெருமுனையில் நின்று இரண்டு விசில் அடிப்பார். தெரு முழுக்க நிம்மதியாகப் புரண்டு படுக்கும். மருமகன்கூட, "அந்த ரெண்டு விசிலுக்கு அப்புறம் வர்ற தூக்கம் இருக்கே, அது தனி" என்று சொல்லத் தொடங்கினார். நாளாக ஆக, ஜன்னல் வழியாகப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பேர் விசாரித்தார்கள், பழைய செருப்பு கொடுத்தார்கள், வெளியூர் போகும்போது "வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க பெரியவரே" என்று கம்பளிப் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வானம் கறுக்கத் தொடங்கியது. இன்னும் சில நாள்தான், கிடங்கு கைக்கு வந்துவிடும். சீப்புக்காரி மட்டும் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் ஒருநாள் அவள் கிடங்கின் பக்கம் போய்க் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததைக் கண்டக்டரம்மா கவனித்தார்.

"கிடங்குக் கதவுல வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள் இருக்கு" என்றாள் அவள் சுரத்தில்லாமல். "சாமானுக்கு எதுக்கு உள்பக்கம்?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார் கண்டக்டரம்மா.

அந்த நாளும் வந்து சேர்ந்தது.

கம்பளிப் பெரியவர் விடியற்காலையில் குளிப்பதற்குப் பொதுக்குழாய்க்குப் போவார். அவர் எழுந்து போவதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரு சின்ன லாரி வந்து இரும்புக்கடை முன்னால் நின்றது. கண்டக்டரம்மா தெருமுனை திரும்பியபோது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. இரண்டு பேர் பெயிண்டு டின்களையும் மோட்டாரையும் குழாய்களையும் சுறுசுறுப்பாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சரக்கு வந்திருக்கிறது போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். நாலு எட்டு நடந்த பிறகுதான் புத்திக்கு உறைத்தது. சரக்கு உள்ளே போகவில்லை. வெளியே வருகிறது.

விசிலை வாயில் வைத்தார். ஒரு நீள விசில். அவருக்குத் தெரியாதா? நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். சரியாக அந்த நொடியில் இருவரில் ஒருவன் லாரியின் பின்பலகையைப் படாரென்று சாத்தி, பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் 'தட் தட்' என்று அடித்துவிட்டுத் தொற்றி ஏறினான்.

கதவு சாத்தியாச்சு. தகரம் தட்டியாச்சு. ஆள் ஏறியாச்சு. ஒரு கண்டக்டரின் வாய் அப்புறம் என்ன செய்யும்? கண்டக்டரம்மாவைக் கேட்காமலேயே அது தன் வேலையைச் செய்தது.

பீப்... பீப்.

"ரைட்!" என்று குரலும் கூடவே போனது.

லாரி அழகாக நகர்ந்தது. தெருவில் அத்தனை வீடுகளிலும் மனிதர்கள் இரண்டு விசிலைக் கேட்டு, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று புரண்டு படுத்தார்கள். மருமகன் தனக்குப் பிடித்தமான தூக்கத்துக்குள் போனார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கண்டக்டரம்மா பேயறைந்தாற்போல் நின்றார். பிறகு விழுந்தடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார். மூச்சு வாங்கியதில் விசில் வாயிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. கத்தலாம் என்றால் குரல் வரவில்லை. தலைமுடி அவிழ, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினார்.

நிழற்குடையில் சீப்புக்காரி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். லாரி தன்னைக் கடந்து திரும்பப் போவதையும், பின்னால் கண்டக்டரம்மா தலைவிரி கோலமாக ஓடி வருவதையும் பார்த்தாள். ஒரு கணம்தான். போர்வையைப் போட்டுவிட்டு விசிலை எடுத்தாள். அந்த ஒற்றை விசில், அடிவயிற்றிலிருந்து வந்தது, தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழித்துக்கொண்டு போனது.

அடுத்து நடந்ததை அந்தத் தெருவில் இன்றைக்கும் நம்பாதவர்கள் உண்டு. லாரி நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை. நிழற்குடைக்கு நேராக, ஓரம் கட்டி, சக்கரங்கள் கிறீச்சிட நின்றது. நின்ற வேகத்தில் பின்பலகை திறந்துகொள்ள, மோட்டார் சரிந்து டின்களைத் தள்ள, ஒரு டின் ரோட்டில் விழுந்து வெடித்தது. ரோடெல்லாம் பச்சை. ஏறியிருந்த இருவரும் குதித்து ஓடினார்கள். ஒருவன் பச்சையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தான். இன்னொருவன் அடுத்த தெரு வரைக்கும் ஓடினான். ஆனால் பச்சைக் காலடிகளைப் போகிற வழியெல்லாம் வைத்துவிட்டே போனதால் அவனைப் பிடிக்க யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

டிரைவர் மட்டும் ஓடவில்லை. தலை நரைத்த ஆள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் பக்கக் கண்ணாடியில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டரம்மா மூச்சிரைக்க ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எந்த டிப்போ?"

"வடக்கு டிப்போம்மா. பஸ் ஓட்டிட்டிருந்தேன். ரிட்டயர் ஆயாச்சு."

"ஏன் நிறுத்தினீங்க?"

"விசில் கேட்டுச்சே!" என்றார் அவர். அதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் இருக்க முடியுமா என்பதுபோலக் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். "ஒரு விசிலுக்கு நிக்கணும் இல்ல? காலு தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. ரெண்டு அடிப்பீங்கன்னு உக்காந்திருக்கேன்."

பாவம், கடை மாற்றுகிறோம் என்று சொல்லி, லாரி நிலையத்திலிருந்து அவரை வாடகைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். பின்னால் போலீசும் விசாரித்துவிட்டு அதையேதான் சொன்னது.

அதற்குள் தெரு திரண்டுவிட்டது. மருமகன் பல்லில் பிரஷ்ஷோடு, டீக்கடைக்காரர் வடிகட்டியோடு, இரும்புக்கடைக்காரர் ஒரு காலில் மட்டும் செருப்போடு. சாமானெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் இரும்புக்கடைக்காரருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் சந்தேகமும் வந்தது.

"இருங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். முதல்ல ரெண்டு விசில் கேட்டுச்சு. அதைக் கேட்டுத்தான் திரும்பிப் படுத்தேன். யாரு அடிச்சது?"

"எனக்கும் ரெண்டு கேட்டுச்சு" என்றார் டீக்கடைக்காரர். ஆளாளுக்குத் தலையசைத்தார்கள். எல்லோர் கண்ணும் சுற்றிச் சுற்றி, கையில் விசிலோடு நின்ற ஒரே ஆளிடம் வந்து நின்றது.

"அக்கா தப்பா அடிக்கவே மாட்டாங்க. அவங்க சர்வீஸ்லயே கிடையாது, நமக்கெல்லாம் தெரியும்" என்றார் இரும்புக்கடைக்காரர். "அப்ப இந்தம்மாதான். லாரி போகட்டும்னு ரெண்டு அடிச்சிருக்கு. அக்கா ஓடி வர்றதைப் பார்த்ததும் மாட்டிக்குவோம்னு ஒண்ணு அடிச்சிருக்கு."

சீப்புக்காரி ஏதாவது சொல்வாள் என்று கண்டக்டரம்மா பார்த்தார். ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள் அவள். ஆனால் பெஞ்சுக்குப் போய், பாதி மடித்த போர்வையை எடுத்து மூட்டைக்குள் வைத்து முடிச்சுப் போடத் தொடங்கினாள். பூட்டிய கதவின் முன்னால் நின்ற அன்றும் இப்படித்தான் முடிச்சுப் போட்டிருப்பாள் என்று தோன்றியது. கண்டக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் இத்தனை காலம் மார்தட்டிய ஒரே பெருமை அது. தெருவே கூடி நிற்கிறது, மருமகனும் நிற்கிறார்.

"அது நான்தான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டு விசில் அடிச்சது நான். பலகையைச் சாத்துனான், தகரத்தைத் தட்டுனான், நான் ரைட் குடுத்துட்டேன். திருடனுக்கு ரைட் குடுத்து அனுப்பி வெச்ச கண்டக்டர் இந்த உலகத்துலேயே நான் ஒருத்திதான். போதுமா? அவளை எதுவும் சொல்லாதீங்க. அவ அடிச்ச விசில்தான் சரியான விசில்."

லாரியின் ஜன்னலிலிருந்து டிரைவர், "ஆமாம்மா, நல்ல சுத்தமான டபுள் விசில். அதைக் கேட்டுத்தானே கிளப்புனேன்!" என்றார். மருமகனுக்குப் பிரஷ்ஷோடு சிரிப்பு பீறிட்டு, நுரை டீக்கடைக்காரர் சட்டையில் தெறித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. வழுக்கி விழுந்து பச்சையாகக் கிடந்த திருடன்கூடச் சிரித்தான் என்று சொல்கிறார்கள். அது மட்டும் கொஞ்சம் மிகையாக இருக்கலாம்.

இரும்புக்கடைக்காரர் சிரிக்கவில்லை. முகம் சிறுத்துப்போய் ஒற்றைச் செருப்போடு பெஞ்சுக்குப் போனார்.

"என்னை மன்னிச்சுக்குங்க" என்றார். அவளிடம் அவர் 'நீங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை.

சீப்புக்காரி முடிச்சை அவிழ்க்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஒரு டின்னு போயிடுச்சே உங்களுக்கு. ஒரு ஆணி போனாக்கூட யாரும் படுக்கக் கூடாதுன்னு பேச்சு."

"காணாமப் போனாத்தானே?" என்று கண்டக்டரம்மா குறுக்கே புகுந்தார். "இதோ கண்ணு முன்னாடி ரோட்டுல கிடக்கு. எங்க காணாமப் போச்சு? தம்பி, சொல்லுங்க, தெரியுதா இல்லையா?"

"நல்லாத் தெரியுதுக்கா" என்றார் இரும்புக்கடைக்காரர் பச்சை ரோட்டைப் பார்த்தபடி. "இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் தெரியும்."

அன்று மத்தியானம் அவர் கிடங்கின் சாவியோடு வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வந்தது துளைபோடும் மெஷினோடும் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளோடும். கடையில் இருப்பதிலேயே கனமானது. யாரையும் கூப்பிடவில்லை, தானே முட்டி போட்டு உட்கார்ந்து கதவின் உள்பக்கத்தில் பொருத்தினார். இரண்டு முறை போட்டுப் பார்த்தார், எண்ணெய் விட்டார், மறுபடியும் போட்டுப் பார்த்தார். "இதை வெளியிலேர்ந்து யாரும் திறக்க முடியாது. என்னாலயும் முடியாது" என்று சீப்புக்காரியிடம் சொன்னார். அவள் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கிடங்கின் நடுவில் ஒரு தடுப்பு வைத்து, அந்தப் பக்கம் தனிவாசலோடு கம்பளிப் பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் இடமானது. இருட்டுவதற்கு முன்னால் முதல் மழையும் வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை. மழை விட்டிருந்தது. கண்டக்டரம்மா வழக்கம்போல் ஒரு சுற்று வந்தார். நிழற்குடை பெஞ்சு காலியாக, நனைந்து கிடந்தது. கிடங்கு வாசலுக்கு வந்ததும் காதைக் கதவருகே கொண்டுபோனார். உள்ளேயிருந்து குறட்டை. அவள் விசிலுக்குச் சற்றும் குறையாத குறட்டை. கண்டக்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சுற்று முடிந்தது, எல்லாம் நன்றாக இருக்கிறது, இரண்டு விசில் அடிக்க வேண்டும். நேற்று விழுந்ததைத் தேடி எடுத்து வைத்திருந்த விசிலை வாய்வரை கொண்டுபோனார். கதவைப் பார்த்தார். விசிலை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார்.

தெரு காத்திருந்தது. விசில் வரவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வந்தது. முதலில் மருமகன்தான் ஓடி வந்தார், கையில் துடைப்பத்தோடு. பின்னாலேயே டீக்கடைக்காரர், சலூன்காரர், மருந்துக்கடைக்காரம்மா, கடைசியாக இரண்டு காலிலும் செருப்போடு இரும்புக்கடைக்காரர்.

"அத்தை! என்ன ஆச்சு? ஏன் விசில் அடிக்கலை?"

"உஷ்!" என்றார் கண்டக்டரம்மா. கிடங்குக் கதவைக் காட்டினார். "தூங்குறா."

எல்லோரும் அப்படியே நின்று கேட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் காலை ஊன்றாமல் திரும்பி நடந்தார்கள். இரும்புக்கடைக்காரர் கடை வாசல்வரை போனார், சாவியை எடுத்தார், ஷட்டரை ஒருமுறை பார்த்தார், சாவியை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாவே திறக்கிறேன்கா" என்றார் கிசுகிசுப்பாக. "இந்த ஷட்டர் ரொம்பச் சத்தம் போடும்."